ஏழு வோல்ட் சுருதி

கிட்ட வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. பாயை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தாயீ, அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடு. வேர்க்கும், தெரியும். என்னைத் திட்டிக்கொண்டே நிறுத்து, பரவாயில்லை. ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இன்றைக்கு ஒரு பித்தளைத் திருகாணியின் கதை சொல்லப்போகிறேன். அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதன் தலையில் ஒரு பொம்பளையின் உயிர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. அதில் அந்தோணியார்குப்பம். அங்கே சவரிநாதன் என்று ஒரு படகுக்காரர், அவர் மனைவி ரெஜினா. ரெஜினாவுக்கு முப்பத்தி நாலு வயதில் இதயம் தளர்ந்துபோனது. அந்தக் காலத்தில் அதற்கு நெஞ்சுக்குள் ஒரு சின்ன பம்ப் வைத்துவிடுவார்கள். உள்ளங்கை அகலம்கூட இராது. இதயம் தள்ள முடியாத ரத்தத்தை அது தள்ளும். வயிற்றின் ஓரமாக ஒரு ஒயர் வெளியே வரும், அது இடுப்பில் கட்டிய பையிலிருக்கும் பேட்டரிக்குப் போகும். பம்பின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் மூளையும் அந்த பேட்டரிக்குள்ளேதான் இருந்தது.

பம்ப் ஓடும்போது ஒரு சத்தம் வரும். தேனீ ஒன்று மூடிய தகர டப்பாவுக்குள் பறப்பது போல, ஒரே சுருதியில், நிற்காமல். பகலில் கேட்காது. ராத்திரி பக்கத்தில் படுத்தால் கேட்கும். சவரி மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் தூங்கினார். சத்தம் இருந்தால் மனைவி இருக்கிறாள். அவ்வளவுதான் அவர் கணக்கு.

இதில் ஒரு சங்கதி. அந்த பேட்டரி கம்பெனியினுடையது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அது செல்போன் கோபுரம் வழியாகக் கம்பெனியைக் கேட்கும்: நான் தொடர்ந்து ஓடலாமா? அங்கிருந்து சரி என்று வந்தால் ஓடும். போலி பேட்டரியைத் தடுப்பதற்காகவாம். கோபுரம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று கையெழுத்துப் போடும்போது யாரும் கேட்கவில்லை. கோபுரம் எங்கே போகப்போகிறது?

அந்த வருஷம் டிசம்பர் புயலில் கோபுரம் ஏரிக்குள் போய் விழுந்தது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கரைக்குப் போகிற தரைப்பாலம் ரெண்டு துண்டு. கட்டிவைத்த படகுகளில் பாதி சவுக்குத் தோப்புக்குள் கிடந்தன, மீதியில் எஞ்சின் இல்லை. கரண்டும் இல்லை, போனும் இல்லை. காலை பத்து மணிக்கு ரெஜினாவின் இடுப்புப் பை மூன்று தடவை கத்தியது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நல்ல தமிழில், மிகவும் மரியாதையாகச் சொன்னது: “அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. நான்கு மணி நேரத்தில் சேவை நிறுத்தப்படும். தங்கள் புரிதலுக்கு நன்றி.”

“இன்னா சொல்லுது?” என்றார் சவரி.

“ரெண்டு மணிக்கு நின்னுடுமாம்.”

“சார்ஜ் எவ்ளோ இருக்கு?”

ரெஜினா பையைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து பச்சை விளக்கும் எரிந்தன. முழு பேட்டரி. வயிறு நிறைய சோற்றை வைத்துக்கொண்டு ஊட்டமாட்டேன் என்கிறது.

பம்ப் நின்றால் அவள் இதயம் தானாக எவ்வளவு நேரம் தாங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம், நல்ல நாளாக இருந்தால் ரெண்டு.

சவரி ஓடினார். பாலம்வரை ஓடினார். தண்ணீர் இழுப்பைப் பார்த்தார். கோவிலுக்கு ஓடினார். மணியை அடிக்கச் சொன்னார். பங்குச் சாமியார் மணியை அடித்தார், கேட்க யார் இருக்கிறார்கள்? அக்கரையிலும் அதே நிலைமைதான். இப்படியே ரெண்டு மணி நேரம் போனது. அந்த ரெண்டு மணி நேரமும் அவர் ஒரு வீட்டை மட்டும் சுற்றிச் சுற்றிக் கடந்து போனார், உள்ளே போகவில்லை. அது ரெஜினாவின் அண்ணன் இன்னாசி வீடு.

ஏன் போகவில்லை என்றால் சொல்கிறேன். இன்னாசி ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். மற்ற நேரமெல்லாம் ஒயரும் ஈயமும்தான். யாரிடமும் படிக்கவில்லை, தானாகச் சுட்டுக்கொண்டு கற்றது. கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் இயேசு பிறந்த குடிலை அவர்தான் செய்வார். ஆட்டுக்குட்டி தலையாட்டும், நட்சத்திரம் சுற்றும். ஒரு வருஷம் ஒட்டகம் கண்ணடித்தது. சாமியார் அதை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டார். ஊரில் அவருக்குப் பேர் பொம்மைக்கார இன்னாசி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சவரி படகில் ஒரு வேலை செய்தார். படகு பேட்டரி பன்னிரண்டு வோல்ட். திசை காட்டுகிற பெட்டிக்கு ஐந்துதான் வேண்டும். நடுவில் ஒரு ஸ்டெப் டவுன் போர்டு வைத்தார். தீப்பெட்டியைவிடச் சின்னப் பலகை, கூடுதல் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதை அதன் மேலிருக்கும் பித்தளைத் திருகாணியைத் திருகி வைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது உச்சத்தில் இருக்கும். இன்னாசி ஆறு ஏழு சுற்றுத் திருகிப் பார்த்தார், வோல்ட் அளக்கிற மீட்டரில் எண் அசையவில்லை. திருகாணி கெட்டுப்போச்சு, ஐந்திலேயே வைத்துத்தான் அனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு இணைத்துவிட்டார். மீட்டரில் பதினொன்று காட்டியதை, மீட்டர்தான் தப்பு என்று சொல்லிவிட்டார். முதல் பத்துச் சுற்றுக்கு அந்தத் திருகாணி ஒன்றும் செய்யாது, அதற்குப் பிறகுதான் பிடிக்கும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

திசைப்பெட்டி நடுக்கடலில் புகைந்தது. சவரியும் இன்னும் மூன்று பேரும் ஒன்றரை நாள் வழி தெரியாமல் அலைந்தார்கள். திரும்பி வந்த சவரி மச்சான் வீட்டு வாசலில் கருகிய பெட்டியை வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது மணி பன்னிரண்டு. சவரி அந்த வாசலில் நின்றார்.

“மச்சான்.”

இன்னாசி கூரைத் தகரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், “யாரைக் கூப்பிடறீங்க மாப்பிள்ளை? இங்க பொம்மைக்காரன்தான் இருக்கான்” என்றார்.

“ரெஜினா பம்ப் ரெண்டு மணிக்கு நிக்கப்போவுது.”

தகரம் கீழே விழுந்தது.

இன்னாசி நேராகக் கோவிலுக்கு ஓடினார். வீட்டிலிருந்த பொருளெல்லாம் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. ஊரில் நனையாமல் இருந்த ஒரே ஸ்டெப் டவுன் போர்டு குடிலின் உச்சியில், சுற்றுகிற நட்சத்திரத்துக்குள், இன்னும் திருகி வைக்காத புதிதாக இருந்தது. பீடத்தின் மேல் ஏணியை வைத்து ஏறி நட்சத்திரத்தைப் பிய்த்தார். சாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சவரி படகு பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தார். ரெஜினாவைக் கூடத்தில் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா விசிறிக்கொண்டிருந்தாள்.

“படகு பேட்டரி பன்னிரண்டு. இவளுக்கு?” என்றார் சவரி.

இன்னாசி இடுப்புப் பையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். “ஏழு. ஒன்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கான்.”

“மிச்ச அஞ்சு எங்க போவும்? இவ உள்ளயா?”

“போகாது மாப்பிள்ளை. குழாயைத் திறந்து திறந்து மூடுற மாதிரி இது. ஒரு செகண்டுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை. திறந்திருக்கிற நேரத்தைக் குறைச்சா கொஞ்சமா வரும். அந்த நேரத்தைத்தான் இந்தத் திருகாணி சொல்லுது.”

“அன்னிக்கும் இதேதான் சொன்னே.”

அதற்குப் பதிலை ரெஜினாதான் சொன்னாள். “அன்னிக்கு எரிஞ்சது பெட்டி. இன்னிக்கு எரிஞ்சா நான் கேட்கவா போறேன்? சண்டையை அப்புறம் போடுங்க ரெண்டு பேரும்.”

இன்னாசி போர்டை பேட்டரியில் மட்டும் இணைத்தார், பம்பில் இணைக்கவில்லை. மீட்டரின் ரெண்டு முனையையும் வைத்தார். மீட்டரில் எண் மங்கலாகத் தெரிந்தது. மேகமூட்டம், வெளிச்சம் போதவில்லை என்று சன்னல் பக்கம் நகர்ந்தார். திருகாணியைத் திருகினார். வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. எண் அசையவில்லை. பத்து, பதினொன்று. எண் இறங்கத் தொடங்கியது. இன்னாசியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாத்தியா, பாத்தியா” என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. ஏழில் நிறுத்தினார். மீட்டர் சொன்னது: 7.0.

இனி பம்பிலிருந்து பைக்குப் போகிற கம்பெனி ஒயரை வெட்ட வேண்டும். வெட்டினால் திரும்ப ஒட்டினாலும் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ரெண்டு மணிவரை காத்திருக்கலாமா என்று சவரி கேட்டார். ஒருவேளை கோபுரம் வந்துவிட்டால்?

“வராது” என்றாள் ரெஜினா.

“வந்துட்டா?”

“வராதுய்யா. நீ அதையே எத்தனை தடவை கேட்பே?”

இருந்தாலும் காத்திருந்தார்கள். வாழுகிற பொம்பளையின் ஒயரைக் கையால் வெட்ட மனம் வருமா? இடுப்புப் பை சொன்ன நேரத்துக்கு மிகச் சரியாக நன்றி சொல்லிவிட்டு நிறுத்தியது. தேனீச் சத்தம் இறங்கி, இறங்கி, இல்லாமல் போனது. அந்த நிமிஷத்தில் அந்தக் கூடத்தில் இருந்த அமைதியை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

இன்னாசி வெட்டினார். உள்ளே இருந்த ரெண்டு கம்பியையும் தோலுரித்தார். போர்டில் முறுக்கினார். பம்ப் ஒருமுறை முக்கியது. ஓடத் தொடங்கியது.

லூர்துமேரி அக்கா சிலுவை போட்டாள். இன்னாசி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் ஆனது. ரெஜினாவின் உதடு நீலமாகத்தான் இருந்தது. கால் மணி ஆனது. கண்கள் மேலே சொருகின. கூப்பிட்டால் பதில் இல்லை.

“ஏழு சரியாத்தான் இருக்கு” என்றார் இன்னாசி. மீட்டரை மறுபடி வைத்தார். 7.0. “சரியாத்தான்யா இருக்கு!”

சவரி மண்டியிட்டு மனைவியின் நெஞ்சில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு சொன்னார்: “இது இல்ல.”

“எது இல்ல?”

“இந்தச் சத்தம் இல்ல மச்சான். இது கீழ இருக்கு. ராத்திரி நான் கேட்கிறது இதவிட மேல.”

“மீட்டர் ஏழுன்னு காட்டுது.”

“மீட்டரு அவகூடப் படுத்துச்சா? நான் படுத்தேன். கூட்டு.”

“கூட்டினா எரிஞ்சுடும்!”

“கூட்டுன்றேன்.”

இன்னாசியின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம், லூர்துமேரி அக்கா அப்புறம் சொன்னாள். அன்றைக்கு மீட்டரை நம்பாமல் பெட்டியை எரித்தவர். அதற்குப் பிறகு ரெண்டு வருஷமாக மீட்டரைத் தவிர வேறொன்றையும் நம்பமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டவர். இப்போது அதே மாப்பிள்ளை வந்து மீட்டரை நம்பாதே என்கிறார்.

“எந்தச் சத்தம் வேணும்? பாடிக் காட்டு” என்றார் கடைசியில்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். சவரியைப் பாடற்குழுவிலிருந்து பத்து வயதிலேயே துரத்திவிட்டார்கள். அவர் பாடினால் மற்றவர்களுக்கும் சுருதி போய்விடுமாம். கல்யாணத்தில்கூட வாயை மட்டும் அசைத்தார். அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் நெஞ்சுக்கு நேராக வாயை வைத்து, “ம்ம்ம்” என்றார். நடுங்கியது. மறுபடி. மூன்றாம் தடவை நின்றது. கம்பி போல நின்றது.

இன்னாசி ஒரு கையில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகாணியை எதிர்ப் பக்கம் திருகினார். பம்பின் சத்தம் மேலே ஏறியது. மீட்டரில் ஏழரை. எட்டு. “ம்ம்ம்” நிற்கவில்லை, மூச்சு வாங்கியவுடன் அதே இடத்தில் வந்து நின்றது. எட்டரை. இன்னாசி அழுதுகொண்டே திருகினார். எட்டு புள்ளி ஒன்பது.

“மாப்பிள்ளை, ஒன்பது வந்துடுச்சு. கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்யா, போதும்யா.”

சவரி தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று.

இன்னாசி மீட்டரைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு திருகினார். இன்னும் கால் சுற்று. அரைச் சுற்று. ரெண்டு சத்தமும் நெருங்கி, உரசி, அதிர்ந்து, ஒன்றாகிவிட்டன. மனுஷர் எது, மெஷின் எது என்று தெரியவில்லை.

“நிறுத்து” என்றார் சவரி.

அரை மணி கழித்து ரெஜினா கண்ணைத் திறந்து கேட்டாள்: “யாரு பாடினது? சகிக்கல.”

காரணம் பிறகுதான் தெரிந்தது. மீட்டருக்கென்று உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தேய்ந்துபோனால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அன்றைக்கு ஏழு என்று காட்டியது உண்மையில் ஐந்தரைகூட இல்லை. ஒன்பதைத் தாண்டியதுதான் உண்மையான ஏழு. மங்கலாகத் தெரிந்தது மேகத்தால் இல்லை.

கதை இதோடு முடிந்தால் எனக்கும் நிம்மதி.

ஊரிலிருந்த படகு பேட்டரிகளை மாற்றி மாற்றி இணைத்தே பத்து நாள் ஓடியது, பதினோராம் நாள் கோபுரம் வந்தது. மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்ன வயது, நல்ல பேச்சு. வெட்டிய ஒயரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“இது உயிர்க்கருவிச் சட்டத்தில குற்றம். செஞ்சவருக்கு ஏழு வருஷம். பேரைச் சொல்லிட்டா அம்மாவுக்குப் புது பேட்டரி இன்னிக்கே தந்துடலாம்.”

“நின்னுபோச்சே மேடம், நாங்க இன்னா செய்யறது?” என்றார் சவரி.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா பேர் இல்லாம கோப்பு மூடாது.”

வாசலில் நின்ற இன்னாசி உள்ளே வரக் காலை எடுத்து வைத்தார். ரெஜினா அவரைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார்.

“நோயாளியே செஞ்சுக்கிட்டா?” என்று கேட்டாள்.

அந்த அம்மா யோசித்தார். “வழக்கு இல்ல. ஆனா கம்பெனி சேவை ஆயுசுக்கும் கிடையாது. பேட்டரி, டாக்டர், எதுவும்.”

“அப்ப எழுதிக்குங்க. நான்தான் செஞ்சேன்.”

“உங்களுக்கு இது தெரியுமா?” அவர் நம்பவில்லை, போர்டைக் காட்டினார்.

ரெஜினா சொன்னாள்: “இந்தப் பித்தளைத் திருகாணிம்மா. இடப் பக்கம் திருகணும். முதல் பத்துச் சுத்துக்கு ஒண்ணும் ஆகாது. பயந்துடக் கூடாது. பம்பில மாட்டறதுக்கு முன்னாடியே திருகிடணும்.”

கம்பெனி அம்மா அப்படியே எழுதிக்கொண்டார். போகும்போது எண் மங்கிக் கிடந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து அதற்குப் போடுகிற புது பேட்டரி ஒன்றை எடுத்து, யாரிடமும் கொடுக்காமல் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? வெயில் ஏறினால் போர்டு சூடாகும், சத்தம் நகரும். திருகாணி தானாக அசையாமல் இருக்க இன்னாசி நகப்பூச்சு வைத்து ஒட்டினார், அப்படியும் நகரும். மீட்டரை அந்த வீட்டில் யாரும் முழுசாக நம்பவில்லை. சவரி கடலுக்குப் போவதை விட்டார். அலைச்சத்தத்தில் அதைக் கேட்க முடியாது இல்லையா? கரையில் வலை பின்னிக் கொடுத்தார். விடிகாலையிலும் உச்சிப்பொழுதிலும் மனைவியின் நெஞ்சுக்கு நேராகக் குனிந்து “ம்ம்ம்” என்பார். சேர்ந்தால் எழுந்துபோவார். சேராவிட்டால், “மச்சான்” என்று ஒரு குரல். கடலிலேயே பிறந்த மனுஷர், முப்பது வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியாதது.

அண்ணன் போய்ப் பத்து வருஷம். சவரி போய் ஆறு வருஷம். இப்போது என் இடுப்பில் சின்ன பேட்டரியோடு இருப்பது பதினான்காவது போர்டு.

ஆமாம், நான்தான். அப்படிப் பார்க்காதீர்கள். இத்தனை நாள் அந்தச் சுருதியை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்திலிருந்து என் காது மங்கிப்போச்சு. என் நெஞ்சில் ஓடுவது எனக்கே கேட்பதில்லை. ஓடுகிறது என்று உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அதனால்தான் வீடு வீடாக வந்து இந்தக் கதையைச் சொல்கிறேன். அதனால்தான் மின்விசிறி.

கிட்ட வாருங்கள். ஒவ்வொருவராக இங்கே காதை வையுங்கள். கேட்கிறதா? தாயீ, உனக்கு? அதை அப்படியே வாயில் பிடி. “ம்ம்ம்.” வெட்கப்படாதே, அவரைவிட மோசமாக யாரும் பாட முடியாது. இன்றைக்கு இருக்கிற இடம் சரியான இடம். மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நான் தெருவில் உட்கார்ந்திருக்கும்போது இது கீழே இறங்கிக் கேட்டால், மீட்டரைத் தேட வேண்டாம். திருகாணி இதோ இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். பயப்படாமல் வலப் பக்கம் திருகுங்கள்.

போய் வருகிறேன் பிள்ளைகளே. உங்கள் வீட்டு விளக்கு எந்தக் காற்றுக்கும் அணையாமல் இருக்கட்டும். உங்கள் பானையில் நாளைக்கும் மிச்சம் இருக்கட்டும். பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு ஓர் இழை இறங்கினாலும் தூக்கத்தில்கூட அதைக் கேட்டு எழுந்துகொள்கிற ஒரு காது, தலைமுறை தலைமுறையாக உங்கள் வீட்டில் இருக்கட்டும்.